அணுகற்கரிய அருவியும் பிலிம் சுருளும்

அருவி ஒன்றின் உயரம் எத்துணை? கேட்பதற்கு எளிய வினாவே. ஆயினும் திபெத்தின் சாங்போ நதியைப் பொறுத்தவரை, இவ்வினா தீர்வதற்கு ஒரு நூற்றாண்டுக்கு மேலாயிற்று.

1880-ஆம் ஆண்டில் இந்திய நில அளவைத் துறையினர், சிக்கிமைச் சேர்ந்த கிந்தப் என்பவரை லாமா ஒருவருடன் திபெத்துக்கு அனுப்பினர். சாங்போவே அஸ்ஸாமில் பிரம்மபுத்திரையாக வருகின்றதா என்று அறிவது நோக்கம். உடன் சென்ற லாமாவோ கிந்தப்பை அடிமையாக விற்றுவிட்டார். தப்பிய கிந்தப், நாளொன்றுக்கு ஐம்பது வீதம் அடையாளமிட்ட ஐந்நூறு கட்டைகளை ஆற்றில் விட்டார். கீழே அவற்றை எதிர்நோக்கியிருப்பார் எவருமிலர். 1884-ல் மீண்ட அவர் எழுதப் படிக்க அறியாதவர்; ஆதலின் அவர் வாய்மொழியைப் பிறரே ஏட்டில் எழுதினர். பெமாகோசுங் என்னுமிடத்தில் ஆறு 150 அடி உயரத்தினின்று வீழ்கின்றது என்பது அவ்வேட்டின் செய்தி.

1913-ல் பெய்லியும் மோர்ஸ்ஹெட்டும் அங்குச் சென்று கண்டதோ சுமார் 30 அடி வீழ்ச்சிதான். பக்கத்து ஓடையொன்றின் உயர்ந்த அருவியும் ஆற்றின் சிறு வீழ்ச்சியும் ஏட்டில் ஒன்றாகக் கலந்துவிட்டன! 1924-ல் தாவரவியலறிஞர் கிங்டன்-வார்டு அதற்கும் கீழே வேறோர் அருவியைக் கண்டு, படமும் எடுத்து, 'வானவில் அருவி' எனப் பெயரிட்டார்; உயரம் 30 முதல் 40 அடி என மதித்தார். 1998-ல் அமெரிக்கக் குழு ஒன்று கருவிகொண்டு அளந்தபோது அது சுமார் 70 அடி எனத் தெரிந்தது. அதனினும் சற்றுக் கீழே, பாறைகளின் மறைவில், சுமார் 108 அடி வீழும் மற்றொன்றும் இருந்தது.

படம் இருந்தும் உயரம் பிழைபடுவானேன்? அருவியை நெருங்க வழியில்லாத பள்ளத்தாக்கில் நாம் பெரும்பாலும் மேலிருந்தே நோக்குகின்றோம். கிடைமட்டத்தினின்று 60 பாகை சாய்ந்து கீழ்நோக்கின், செங்குத்தான உயரம் பாதியாகவே தோன்றும். கண்ணுக்குள்ள இம்மயக்கம் காமிராவுக்கும் உண்டு. காமிராவைச் சாய்க்காமல் மட்டமாக வைத்து எடுத்தால் கணக்கு நேராகிவிடும்: பிலிமில் உள்ள உருவின் உயரத்தை லென்ஸின் குவியத் தூரத்தால் வகுத்து, அருவியின் தூரத்தால் பெருக்குவதே போதும். 60 மீட்டர் தொலைவிலிருந்து 50 மில்லிமீட்டர் லென்ஸால் எடுத்த நெகடிவில் அருவி 18 மில்லிமீட்டர் இருப்பின், அதன் உயரம் 21.6 மீட்டர், அதாவது ஏறத்தாழ 71 அடி.

கணக்கு இவ்வளவே. ஆனால் அந்த நெகடிவைப் பெறுவதுதான் அரிது. இதை உணரப் பிரம்மபுத்திரை வரை செல்ல வேண்டுவதில்லை. பாபநாசத்துக்கு மேலே, காரையாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால், பொதிகைமலையின் மழைக்காட்டில் தாமிரபரணி பாணதீர்த்தமாக வீழ்கின்றது. அவ்விடம் களக்காடு–முண்டந்துறைப் புலிகள் காப்பகத்துள் இருப்பதால், வனத்துறையின் இசைவின்றிச் செல்லுதல் கூடாது.

இத்தகைய காட்டின் தரையை எட்டுவது கதிரொளியில் நூற்றில் ஓரிரு பங்கே. அருவியோ திறந்த வானின்கீழ் வெள்ளை வெளேரென ஒளிர்கின்றது. ஒளிமானியை நுரைக்கு நேரே பிடித்தால், அது வெண்மையைச் சாம்பல் நிறமெனக் கொண்டு ஒளியைக் குறைக்கச் சொல்லும். காடு முழுதும் கரியாகிவிடும். நனைந்த பாறையை அளந்து கொள்வது நலம்.

அடுத்து ஷட்டரின் வேகம். இருபது மீட்டர் வீழ்ந்த நீர், காற்றின் தடையை நீக்கிக் கணித்தால், விநாடிக்கு 20 மீட்டர் விரைகின்றது. விநாடியின் ஐந்நூற்றில் ஒரு பங்கில் அது நகர்வது 4 சென்டிமீட்டர். மேற்கூறிய தொலைவில் பிலிமில் இது மில்லிமீட்டரின் முப்பதில் ஒரு பங்கு. கண்ணுக்குக் கூர்மையாகவே தோன்றும். முப்பதில் ஒரு பங்கு விநாடியிலோ அரை மில்லிமீட்டருக்கு மேற்பட்ட கோடாக நீண்டுவிடும். பல விநாடி திறந்து வைத்து நீரைப் பட்டுத்துணியாக்கிக் காட்டுவதும் ஓர் அழகே. எனினும் நீரின் திரளையும் வேகத்தையும் அறிய விழைவோர்க்கு அப்படம் பயன்படாது என்பது என் கருத்து.

இருண்ட நாளில் அவ்வாறு நீட்டித்தே தீரவேண்டுமாயின், ஷ்வார்ட்ஸ்சைல்டு என்னும் வானியலறிஞர் ஆராய்ந்த ஒரு குறைபாடு குறுக்கிடும். மங்கிய ஒளி நெடுநேரம் பட்டால், வெள்ளி புரோமைடு தன் உணர்ச்சியை ஓரளவு இழந்துவிடுகின்றது. பழைய வகைக் கறுப்பு–வெள்ளைப் பிலிம்கள் பலவற்றுக்கு, ஒளிமானி 10 விநாடி காட்டுமிடத்து 50 விநாடி கொடுக்க வேண்டும். அத்துணை நேரமும் முக்காலி அசையலாகாது. சாரல் லென்ஸில் படியலாகாது.

யாவற்றினும் கொடியது ஈரம். பிலிமின் மேற்பூச்சில் உள்ள ஜெலாட்டின் நீரை உறிஞ்சிப் பருக்கும். ஓர் அடுக்கு மற்றோர் அடுக்குடன் ஒட்டிக்கொள்ளும். சில நாட்களில் பூஞ்சை பிடிக்கும். உதகை நகரில் 1960-ல் நிறுவப்பெற்று 1967 முதல் 'இந்து' பிலிம்களை உருவாக்கிய இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் ஆலைக்கு மலையுச்சியைத் தேர்ந்தது வீணன்று. குளிர்ந்த, தூசியற்ற காற்றைப் பிலிம் விரும்புகின்றது. மழைக்காட்டில் அதற்கு நேர்மாறான காற்றே உண்டு. அங்கு ஒளிபட்ட பிலிமில் பதிந்த, இன்னும் கண்ணுக்குப் புலனாகாத உருவும் வெப்பத்தாலும் ஈரத்தாலும் மங்கத் தொடங்கும். ஆகவே எடுத்த சுருளை உடனே மூடியுள்ள டப்பியில் இட்டு, சிலிகா ஜெல்லுடன் தகரப் பெட்டியில் அடைத்து, கூடிய விரைவில் கழுவிவிட வேண்டும். சிலிகா ஜெல் கிட்டாதவிடத்து, நன்கு வறுத்து ஆறிய அரிசியும் உதவும்.

டப்பிக்குள் ஒரு சீட்டும் இருத்தல் வேண்டும்: லென்ஸின் குவியத் தூரம், அருவியின் தொலைவு, காமிரா மட்டமாக இருந்ததா, சாய்ந்திருந்ததா, நாள், நேரம். பென்சிலால் எழுதுக, மை ஈரத்தில் ஊறிவிடும்.