மறதிக்கும் அல்சைமருக்கும் நடுவுல ஒரு களிச் சட்டி

லீவுக்கு ஊருக்குப் போயிட்டு வந்த நண்பர்கள் என்கிட்ட அடிக்கடி சொல்ற ஒரு விஷயம்: "ஆயா ஒரே கேள்வியை நாலு தடவ கேக்குதுடா. வயசாயிடுச்சு, சகஜம்தானே?" சில சமயம் சகஜம்தான். சில சமயம் அது அல்சைமரோட ஆரம்பமா இருக்கலாம். ரெண்டையும் எப்படிப் பிரிச்சுப் பார்க்கிறது? இன்னிக்கு அதைத்தான் பேசப்போறோம்.

நான் டாக்டர் இல்ல, கோட் எழுதுற ஆள். அதனால எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன். வயசானா தேடுறது மெதுவாகும், ஆனா ஃபைல் உள்ளதான் இருக்கும். "அந்தப் பாலக்கோட்டுக்காரர் பேரு என்ன?"ன்னு தவிப்பாங்க. முதல் எழுத்தை எடுத்துக் கொடுத்தா டக்குனு வந்துடும், இல்ல ராத்திரி படுக்கும்போது வரும். அல்சைமர்ல புது நினைவுகளைப் பதிவு செய்யற ஹிப்போகேம்பஸ் பகுதி ஆரம்பத்துலயே அடிபடுது. ஃபைல் சேவ் ஆகவே இல்ல. காலையில நடந்த கல்யாணத்தைப் பத்தி எவ்வளவு எடுத்துக் கொடுத்தாலும், "எந்தக் கல்யாணம்?"னு கேட்பாங்க. அதே ஆள் 40 வருஷத்துக்கு முன்னாடி நடந்ததை அப்படியே சொல்வாங்க. அதைக் கேட்டுட்டுதான் நாம "ஞாபகசக்தி பிரமாதம்"னு ஏமாந்துடறோம்.

இப்படி ஏமாறுறது நம்ம வீட்டுல மட்டும் இல்ல. 10/66ங்கிற ஆய்வுக் குழு 7 நாடுகள்ல, 11 இடங்கள்ல, 65 வயசுக்கு மேற்பட்ட கிட்டத்தட்ட 15,000 பேரைப் பரிசோதிச்சுது. அதுல ஒரு இடம் வேலூரைச் சுத்தியிருக்கிற கிராமங்கள். 2008ல முடிவு வந்தப்போ, அமெரிக்க அளவுகோல்படி அங்க டிமென்ஷியா வெறும் 0.3 சதவீதம். படிப்பறிவு குறைஞ்சவங்களுக்கும் பொருந்துற மாதிரி அந்தக் குழுவே உருவாக்குன அளவுகோல்ல பார்த்தா, 11 இடத்துல எதுவும் 5 சதவீதத்துக்குக் கீழ போகல. ஏன் இவ்வளவு வித்தியாசம்? ஒரு முக்கியக் காரணம், வசதி குறைஞ்ச இடங்கள்ல "முன்ன மாதிரி இல்ல"ன்னு குடும்பத்துக்காரங்க சொல்றது குறைவு. பெரியவங்க உக்காந்திருந்தா போதும்னு நினைக்கிற வீட்டுல, அவங்களால என்ன முடியலைங்கிறது யார் கண்ணுல படும்?

இப்ப தர்மபுரிக்கு வருவோம். 2011 கணக்கெடுப்புல தமிழ்நாட்டுலயே எழுத்தறிவு குறைஞ்ச மாவட்டம் இதுதான், சுமார் 68.5 சதவீதம். பெரியவங்கள்ல பள்ளிக்கூடமே போகாதவங்க நிறைய. அவங்ககிட்ட கடிகாரம் வரையச் சொல்லி, 100லருந்து ஏழு ஏழா கழிக்கச் சொன்னா, தப்பு வந்தது நோயாலயா, பேனா பிடிச்சுப் பழகாததாலயான்னு எப்படித் தெரியும்?

அதனால அவங்க ஆயுசு முழுக்கச் செஞ்ச வேலையைப் பாருங்க. ராகி களியை எடுத்துக்கோங்க. உலை கொதிக்கணும், நொய் வேகணும், அப்புறம் மாவு, அப்புறம் கட்டி தட்டாம கிண்டணும். 50 வருஷமா கண்ணை மூடிட்டு செஞ்சவங்க, நொய் போட்டாச்சான்னு தெரியாம நிக்கிறாங்க, மாவை ரெண்டு தடவ கொட்டறாங்க, அதுவும் திரும்பத் திரும்ப நடக்குதுன்னா கவனிக்கணும். ஒரு நாள் உப்பு மறந்தா அது நோய் இல்ல, எனக்கே வாரத்துல ரெண்டு நாள் நடக்கும். அதே மாதிரி, சந்தையில மீதிச் சில்லறை எண்ணத் தடுமாறுறது, தினம் போற காட்டு வழியில திகைச்சு நிக்கிறது, சுருக்குப்பையை அரிசிப் பானைக்குள்ள வெச்சுட்டு "மருமக திருடிட்டா"ன்னு சொல்றது. இந்தக் கடைசி விஷயத்தால பல வீட்டுல சண்டையே வந்துடுது. அது குணக்கேடு இல்ல, நோயோட அறிகுறியா இருக்கலாம்னு யாருக்கும் தோணறதில்ல.

இன்னொரு தடயம், அவங்க வேலையை யார் சத்தமில்லாம எடுத்துக்கிட்டாங்கங்கிறது. ரேஷனுக்கு இப்ப அத்தை போறாங்களா? அடுப்பு எப்போ சித்தி கைக்கு மாறுச்சு, ஏன்? முட்டி வலியாலயா, இல்ல குழப்பத்தாலயா? பெங்களூர்லருந்து மாசம் ஒரு தடவ போற நமக்குத் தெரியாது. கூட இருக்கிறவங்ககிட்டதான் கேக்கணும், அதுவும் தனியா.

முக்கியமா, மறதின்னாலே அல்சைமர் இல்ல. பி12 குறைபாடு, தைராய்டு, மனச்சோர்வு, சில தூக்க மாத்திரைகள், எல்லாமே இதே மாதிரி தெரியும். இதுல பலதைச் சரி செய்யலாம். காது மந்தமானவங்களும் கேட்ட கேள்வியையே கேப்பாங்க. நேத்து வரைக்கும் நல்லா இருந்தவங்க ரெண்டு நாள்ல குழம்பிப் போனா, சிறுநீர்த் தொற்று மாதிரி ஏதாவது இருக்கலாம், உடனே ஆஸ்பத்திரி போகணும். அல்சைமர் மாசக்கணக்குல, வருஷக்கணக்குல மெதுவா வரும். அதை முழுசா குணமாக்குற மருந்து இன்னும் இல்ல. ஆனா சீக்கிரம் தெரிஞ்சா அறிகுறிகளைக் கொஞ்சம் சமாளிக்க மாத்திரை இருக்கு, பேங்க், நிலம் விஷயத்தை அவங்க விருப்பப்படியே முடிக்க நேரமும் கிடைக்கும்.

தர்மபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில ஆரம்பிக்கலாம். தேவைப்பட்டா பெங்களூர் நிம்ஹான்ஸ். எங்க போகணும்னே தெரியலைன்னா 14416, டெலி மானஸ், இலவசம், தமிழ்லயே பேசலாம். போகும்போது சாப்பிடுற எல்லா மாத்திரை அட்டையையும் எடுத்துட்டுப் போங்க. "மறதி அதிகம்"னு மட்டும் சொல்லாம, என்ன நடந்துச்சு, எந்தத் தேதியில, முன்ன எப்படிச் செய்வாங்கன்னு நாலஞ்சு சம்பவத்தை ஃபோன்ல குறிச்சு வெச்சுக்கோங்க. டாக்டர் முதல்ல கேக்கப்போறதே அதைத்தான்.