ஒத்தவற்றுள் வேற்றுமை காணல்

உருவில் ஒத்த இரண்டனை வேறு பிரித்தறிதல் எத்துறையினும் அரியதொரு செயலாம். அதனினும் அரியது, அவ்விரண்டுங் கலந்து பிறந்த மூன்றாவதனை இன்னதெனத் துணிதல். இதனைச் செலாஜினெல்லா என்னும் சிறு செடியைக் கொண்டு ஈண்டு விளக்கப் புகுகின்றோம்.

செலாஜினெல்லா பார்வைக்குப் பாசிபோலத் தோன்றும், ஆயின் பாசியன்று. நீரைக் கொண்டு செல்லும் நுண்குழல்கள் அதன் தண்டினுள் உள. பூவும் வித்தும் இன்மையின் ஸ்போர் என்னும் நுண்துகள்களால் இனம் பெருக்கும். இத்துகள்கள் கிளை நுனியிலுள்ள கதிரில் இருவகைப் பைகளுள் உண்டாகும். ஒருவகைப் பையிற் பெருந்துகள்கள் பெரும்பாலும் நான்கு. மற்றொருவகையிற் சிறுதுகள்கள் மிகப் பல. உலகில் இச்செடியின் இனங்கள் 700-க்கு மேற்பட்டன.

வட அமெரிக்காவின் வறண்ட பாறைகளில் வாழும் செலாஜினெல்லாக்கள் பல, முன்னாளில் ரூபெஸ்ட்ரிஸ் என்னும் ஒரே பெயரால் வழங்கின. அவற்றை ஆராய்ந்து பிரித்தோருள் அண்டர்வுட் என்னும் அறிஞர் ஒருவர். 1898-இல் அவர் வெளியிட்டவற்றுள் மூட்டிகா, ரூபின்கோலா என்பன இரண்டு. ரூபின்கோலா என்பது 'பாறையில் வாழ்வது' எனப் பொருள்படும். இரண்டும் பாறையில் வாழ்வனவே யாதலின் இப்பெயர் நமக்குத் துணை செய்யாது. மூட்டிகா என்பதோ 'கூர் அற்றது' என்னும் பொருட்டு; இப்பெயரே அடையாளமும் ஆகும். மூட்டிகாவின் இலைநுனியில் மயிர்போன்ற கூர் இல்லை, அன்றி மிகக் குறுகியது. தண்டு பாறைமேல் நீளப் படரும். ரூபின்கோலாவின் கூர் நீண்டது. கிளைகள் மேல்நோக்கி எழும்.

1920-இல் மாக்ஸன் என்பார் நியோமெக்ஸிகானா என வேறோர் இனத்துக்குப் பெயரிட்டார். அதன் இயல்புகள் மேற்கூறிய இரண்டற்கும் இடைப்பட்டன. 1955-இல் டிரையன் என்பார் அதன் ஸ்போர்கள் உருத்திரிந்து கிடத்தலைச் சுட்டி, அது தனியினமன்று, அவ்விரண்டின் கலப்பே எனக் கருதினார். இன்று அதன் பெயர் கலப்பைக் குறிக்கும் பெருக்கற் குறியுடன் எழுதப்படுகின்றது.

ஸ்போர் உருத்திரிதற்குக் காரணம் யாது? வேறுபட்ட பெற்றோர் இருவரிடமிருந்து வந்த குரோமோசோம்கள் ஸ்போர் உண்டாங்கால் செவ்வனே இணைசேராமையே பெரும்பாலுங் காரணமாம். அங்ஙனமாயின் மலட்டுச் செடி அழியாது நிற்றல் எவ்வாறு எனின், தண்டு படர்ந்து வேரூன்றுதலால் என்க. ஆகவே, ஓரிடத்தில் மிகுதியாக வளர்தல் ஒன்றே தனியினம் என்பதற்குச் சான்றாகாது.

இனி, இடைப்பட்ட தோற்றம் ஒன்றே கொண்டு கலப்பெனத் துணிதலும் தவறாம். நிழலும் ஈரமும் வளர்ச்சியை வேறுபடுத்தும். முதிர்ந்த இலைகளிற் கூர் ஒடிதலும் உண்டு. ஆதலின் இளைய இலைகளைப் பூதக்கண்ணாடியாற் காண்டல் வேண்டும். கதிரை அவிழ்த்து ஸ்போர்களை நோக்கல் வேண்டும். பெற்றோர் இருவரும் அப்பக்கத்து உளரா என வினாவுதல் வேண்டும். இம்மூன்றும் ஒருவழிப்பட்டுழியே துணிவு பிறக்கும்.

தொல்காப்பியர் மரபியலிற் புல்லையும் மரத்தையும் பிரிக்குங்கால், வைரம் புறத்ததோ அகத்ததோ என்பதனையே அடையாளமாகக் கொண்டமை தமிழ் மாணவர் அறிந்ததே. உயரமும் அழகும் அவர்க்கு அளவுகோல் ஆகவில்லை. பாறைச் செடியின்கண்ணும் நெறி அதுவே: புறத்தோற்றம் ஐயத்தை எழுப்பும், உள்நின்ற சான்றே அதனைத் தீர்க்கும். அச்சான்றைக் காணுமுன் பெயரிட விரையாமை கற்பார்க்கு நன்றாம்.