ஏலத்துக்கு வராத அலைக்கற்றை

2022-ஆம் ஆண்டில் நடைபெற்ற ஐந்தாம் தலைமுறை அலைக்கற்றை ஏலத்தின் மதிப்பு ரூ.1,50,173 கோடி. கண்ணுக்குத் தெரியாத, கையால் தொட முடியாத ஒரு வளத்துக்கு இத்தனை விலை. வானொலி அலைவரிசைகளையும் சந்தையில் விலைக்கு விடலாம் என்று பொருளியல் அறிஞர் ரொனால்டு கோஸ் 1959-இல் வாதிட்டார். அந்த வாதத்தைப் பல ஆண்டுகள் வகுப்பறையில் விளக்கியவன் நான். ஆனால், உலக நாடுகள் அலைக்கற்றையின் சில பகுதிகளை ஏலத்துக்கு விடாமல், ஆர்வலர்களுக்கென்றே ஒதுக்கி வைத்திருக்கின்றன என்பதைப் பணி ஓய்வுக்குப் பிறகுதான் அறிந்துகொண்டேன்.

அந்த ஆர்வலர்களை 'ஹாம்' என்பார்கள். அமெச்சூர் வானொலி என்பது இதன் முறையான பெயர். மத்திய தகவல்தொடர்பு அமைச்சகம் நடத்தும் தேர்வில் தேர்ச்சி பெற்று உரிமம் பெறுவோர், சொந்த நிலையம் அமைத்து உலகின் எந்த மூலையிலுள்ள ஹாமுடனும் பேசலாம். 12 வயது நிறைந்தவர்கள் தேர்வு எழுதலாம். வானொலியின் அடிப்படைக் கோட்பாடுகளும் விதிமுறைகளும் பாடங்கள். உயர்நிலை உரிமத்துக்கு மோர்ஸ் குறியீடும் தெரிந்திருக்க வேண்டும். வணிகச் செய்தி அனுப்பக் கூடாது. பாட்டு ஒலிபரப்பக் கூடாது. மறைகுறியீட்டில் பேசக் கூடாது.

போச்சம்பள்ளியில் என் வீட்டுக் கொல்லையில் ஒரு மாமரத்துக்கும் தென்னைக்கும் இடையே ஏறத்தாழ 20 மீட்டர் நீளமுள்ள செம்புக் கம்பி கட்டப்பட்டிருக்கிறது. துணி உலர்த்தும் கொடி என்றே அக்கம்பக்கத்தார் நெடுநாள் நினைத்திருந்தனர். அதுதான் என் ஆன்டெனா. 7 மெகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் சுமார் 40 மீட்டர். அதில் பாதி நீளமுள்ள கம்பி அந்த அலையை நன்றாக ஏற்கும், நன்றாக அனுப்பும். இவ்வளவுதான் சூத்திரம்.

வீட்டிலேயே செய்த கருவியின் ஆற்றல் ஐந்து வாட். வாசலில் எரியும் எல்.இ.டி. விளக்குக்குக்கூட ஒன்பது வாட் தேவை. விளக்கின் வெளிச்சம் தெருமுனையோடு நின்றுவிடுகிறது. ஐந்து வாட் குரல் கடல் கடக்கிறது. பூமிக்கு மேலே ஏறத்தாழ 80 முதல் 400 கிலோமீட்டர் உயரத்தில், கதிரவனின் கதிர்களால் மின்னூட்டம் பெற்ற அயனி மண்டலம் இருக்கிறது. சிற்றலைகள் அதில் பட்டு வளைந்து, தொலைதூர நிலத்துக்குத் திரும்புகின்றன. பகலில் 14 மெகாஹெர்ட்ஸ் நெடுந்தொலைவுக்குக் கைகொடுக்கும். இரவில் 7 மெகாஹெர்ட்ஸ். கதிரவனின் 11 ஆண்டுச் சுழற்சிக்கேற்ப இந்த நிலைமையும் மாறும். உழவர் வானம் பார்ப்பதுபோல் ஹாமும் வானம் பார்க்கிறார்.

கருவி எளிதில் வசப்பட்டுவிடவில்லை. ஒரு டையோடைத் தலைகீழாக வைத்து சால்டரிங் செய்ததால் என் முதல் பலகை புகைந்து போனது. இரண்டாவதில் பிழையைக் கண்டுபிடிக்க மூன்று வாரங்கள் ஆயின. ஹைதராபாதைச் சேர்ந்த அஷ்ஹர் ஃபர்ஹான் வடிவமைத்த 'பிட்எக்ஸ்' என்ற மின்சுற்றைத்தான் நான் பின்பற்றினேன். சாதாரணக் கடைகளில் கிடைக்கும் மலிவான உதிரிபாகங்களைக் கொண்டே செய்யத்தக்க வகையில் உருவான அந்த வடிவமைப்பு, இன்று பல நாட்டு ஆர்வலர்களின் மேசைகளில் இருக்கிறது. ஒரு மாலையில், பக்கத்து வயலின் ஆழ்துளைக் கிணற்று மோட்டார் நின்று இரைச்சல் அடங்கிய வேளையில், இலங்கையிலிருந்து ஒருவர் என் அழைப்புக்குப் பதிலளித்தார். அறுபது வயதைக் கடந்த எனக்குக் கை நடுங்கியது.

சரி, ஒருவரின் இந்த மகிழ்ச்சிக்காக விலைமதிப்புள்ள பொது வளத்தை அரசு ஏன் ஒதுக்க வேண்டும்? பொருளியல் மாணவன் கேட்க வேண்டிய கேள்விதான் இது. வரலாறு இதற்கு விடை தருகிறது.

தமிழகத்தில் வானொலி ஒலிபரப்பைத் தொடங்கியது அரசன்று, ஆர்வலர்கள். சி.வி. கிருஷ்ணசாமி செட்டியும் நண்பர்களும் 1924 மே 16-இல் சென்னை மாகாண வானொலி மன்றத்தை நிறுவினர். அதே ஆண்டு ஜூலை 31-இல் ஒலிபரப்பு தொடங்கியது. பணமின்மையால் 1927-இல் மன்றம் முடங்கியது. ஆனால், அவர்கள் போட்ட பாதை வீணாகவில்லை. சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடர்ந்தது.

அடுத்த சான்று அந்தமான். அங்கிருந்து ஹாம் நிலையம் இயக்க அனுமதி கிடைப்பது அரிது. 2004 டிசம்பரில் அந்த அனுமதியுடன் ஹைதராபாத் தேசிய அமெச்சூர் வானொலி நிறுவனத்தின் குழு, பாரதி பிரசாத் தலைமையில் போர்ட் பிளேயரில் முகாமிட்டிருந்தது. உலகெங்குமுள்ள ஹாம்களுடன் பேசுவதுதான் நோக்கம். டிசம்பர் 26 காலையில் ஆழிப்பேரலை தாக்கியது. மின்சாரமும் தொலைபேசியும் துண்டிக்கப்பட்ட நிலையில், பொழுதுபோக்குக்காகக் கொண்டுவந்த கருவிகளே தீவுகளின் செய்திகளை வெளியுலகுக்கு எடுத்துச் சென்றன. உறவினரைத் தேடித் தவித்தவர்களுக்குத் தகவல் தந்தன. கோபுரமும் கம்பிவடமும் வீழ்ந்தாலும், மின்கலமும் கம்பியும் பயிற்சி பெற்ற ஒரு மனிதரும் இருந்தால் போதும், தொடர்பு சாத்தியமே.

ஒருவரின் செயலால் அதில் பங்கேற்காத பிறருக்கும் நன்மை விளைவதைப் பொருளியலில் நேர்மறைப் புறவிளைவு என்போம். சந்தை அந்த நன்மைக்கு விலை வைப்பதில்லை. ஏலத்தில் விட்டால் அந்த நன்மை மறைந்துபோகும். இந்த ஒதுக்கீட்டுக்கு அதுவே நியாயம்.

பேரிடர் எப்போதோ ஒருமுறை வருவது. அன்றாடம் விளையும் நன்மை வேறொன்று. அதை என் வீட்டுத் திண்ணையில் கண்டேன். ஒசூர் முதல் போச்சம்பள்ளி வரை நீளும் தொழிற்பட்டையில் ஆயிரக்கணக்கான இளைஞர்கள், குறிப்பாகப் பெண்கள், மின்னணுப் பொருள்களைப் பூட்டும் பணியில் இருக்கிறார்கள். என் முன்னாள் மாணவர் ஒருவரின் மகளும் அவர்களுள் ஒருவர். விடுமுறை நாளொன்றில் என் மேசையிலிருந்த பலகையை நெடுநேரம் பார்த்துவிட்டுச் சொன்னார்: "சார், இந்த மாதிரி பலகையைத்தான் தினமும் கையில் எடுக்கிறேன். எது எதற்கென்று யாரும் சொன்னதில்லை, நானும் கேட்டதில்லை."

பல தொழிற்சாலைகள் நம் மண்ணுக்கு வந்துவிட்டன. அவற்றால் கூலியும் வந்தது. அவற்றுக்குள் இருக்கும் அறிவு வந்ததா என்பதுதான் கேள்வி. ஒரு வேலையைப் பகுத்துப் பகுத்து, ஒருவருக்கு ஒரு திருகாணி என்று கொடுத்தால் உற்பத்தி பெருகும் என ஆடம் ஸ்மித் சொன்னது உண்மை. அதே வேலையை வாழ்நாள் முழுவதும் செய்பவரின் அறிவு மழுங்கும் என்று எச்சரித்தவரும் அவரே. அதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது கல்வியை. ஒரு மின்சுற்றை முதலிலிருந்து முடிவு வரை தானே செய்து, அது பேசாதபோது காரணம் தேடி, பேசும்போது மகிழ்வது அத்தகைய கல்வி.

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் பாலிடெக்னிக்குகளிலும் தொழிற்பயிற்சி நிலையங்களிலும் கலைக் கல்லூரிகளிலும் ஒரு ஹாம் நிலையம் அமைக்கப் பெருஞ்செலவு ஆகாது. உரிமம் பெற்ற ஓர் ஆசிரியரும் ஒரு மேசையும் மாடியில் ஒரு கம்பியும் தேவை. தொழிற்சாலைகள் தம் சமூகப் பொறுப்பு நிதியில் ஒரு துளியை இதற்கு ஒதுக்கலாம். பயிற்சி பெறும் மாணவர்களை மாவட்டப் பேரிடர் மேலாண்மைத் திட்டத்தோடு இணைக்கலாம்.

அந்தப் பெண் இப்போது ஹாம் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறார். பணிமுறை முடிந்து வந்ததும், ஒரு மின்தேக்கியைக் கையில் எடுத்து, இதை நீக்கினால் என்ன ஆகும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு எந்த ஏலத்திலும் விலை வைக்க முடியாது.