திட்டினால் தவறு குறையுமா?

தீபாவளிக்கு முந்தைய வாரத்தில் மேற்குத் தாம்பரம் சண்முகம் சாலையானாலும், குரோம்பேட்டை, பல்லாவரம் கடைத்தெருக்களானாலும் கால் வைக்க இடமிருக்காது. அந்த நெரிசலில்தான் எடை மாறும். பில்லில் ஒரு பொருள் விட்டுப்போகும். உடனே வாடிக்கையாளர் எதிரிலேயே பணியாளரைச் சத்தம் போடுகிறோம். சற்று நேரத்தில் அவர் இன்னொரு தவறு செய்கிறார். இது அலட்சியமா? மூளை ஆராய்ச்சியாளர்கள் வேறு காரணம் சொல்கிறார்கள்.

கணக்கை மனத்தில் நிறுத்துவதும், நிதானித்து முடிவெடுப்பதும் நெற்றிக்குப் பின்னால் உள்ள மூளையின் முன்பகுதியைப் பெரிதும் நம்பியிருக்கும் வேலைகள். அதை ஒரு சிறிய மேசை என்று வைத்துக்கொள்வோம். அதில் ஏறக்குறைய ஏழு விஷயங்கள் நிற்கும் என்று அமெரிக்க உளவியலாளர் ஜார்ஜ் மில்லர் 1956-இல் எழுதினார். 2001-இல் நெல்சன் கோவன் அதை நான்கு அளவுக்குக் குறைத்தார். ஒரே மூச்சில் எட்டு வேலை சொன்னால் பாதி கீழே விழத்தான் செய்யும்.

பயமும் பதற்றமும் சேர்ந்தால் மேசை மேலும் சுருங்குகிறது. அப்போது மூளையில் சுரக்கும் ரசாயனங்கள் முன்பகுதியின் செயலை மங்கச் செய்வதை யேல் பல்கலைக்கழகத்தின் ஏமி ஆர்ன்ஸ்டன் தம் ஆய்வுகளில் விளக்கியுள்ளார். பொட்டலம் கட்டும் பழகிய கை ஓடும், மனக்கணக்குத்தான் தடுமாறும். ஆக, கவனம் வேண்டும் என்று திட்டும் நாமே அந்தக் கவனத்தைப் பறித்துவிடுகிறோம்.

கண்டிப்பே கூடாது என்பதல்ல. தவறை அங்கேயே சரிசெய்து வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு, கண்டிப்பைக் கடை அடைக்கும் நேரத்துக்குத் தள்ளி, தனியாக அழைத்துச் சொல்லலாம். வேலைகளை மூன்று நான்காகப் பிரித்துக் கொடுத்து, மீதியைச் சீட்டில் எழுதித் தரலாம். சொன்னதைத் திருப்பிச் சொல்லச் சொன்னால், விட்டுப்போனது அப்போதே தெரிந்துவிடும்.

உடல் களைத்தாலும் கவனம் சிதறும். தமிழ்நாடு கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 2021-இல் செய்த திருத்தம், பணியாளர்களுக்கு இருக்கை வசதி அளிப்பதைக் கட்டாயமாக்கியது. சட்டத்துக்குப் பயந்து மூலையில் ஒரு ஸ்டூல் போட்டால் போதாது. கூட்டம் குறைந்த நேரத்தில் உட்காரவும் விட வேண்டும்.

தொழில் பழகிய ஆள் மனம் நொந்து விலகினால், புதியவருக்கு விலையும் சரக்கும் பழகப் பல மாதம் ஆகும். அதுவும் நமக்கு நஷ்டக் கணக்குத்தான்.