அகர வரிசையில் ஒரு நட்சத்திரம்

1951 ஜூலை. தென் பிரான்சின் அவிஞோன் நகர நாடக விழாவில், பாப்பரசர் மாளிகையின் திறந்த முற்றத்தில் கோர்னெயின் 'லெ சித்' நாடகம். நாயகன் ரோத்ரிக்காக ழெரார் ஃபிலிப். ஒத்திகையில் விழுந்து காலில் அடிபட்டிருந்ததால் முதல் நாள் நாடகத்தை உட்கார்ந்தபடியே நடித்தார். அப்போது அவருக்கு வயது 28. 1947-ல் வந்த 'உடலில் பேய்' படத்துக்குப் பிறகு பிரான்சில் அவரை அறியாதவர்கள் குறைவு.

அப்படிப்பட்டவர், படங்களில் கிடைத்ததோடு ஒப்பிட்டால் மிகச் சொற்பமான சம்பளத்துக்கு ழான் விலாரின் தேசிய மக்கள் நாடக அரங்கில் சேர்ந்தார். அங்கே சுவரொட்டியில் நடிகர்களின் பெயர்கள் அகர வரிசையில்தான் வரும்; அவருக்கும் அதே வரிசைதான். நுழைவுக் கட்டணம் குறைவு. இருக்கை காட்டுபவருக்குக் காசு கொடுக்கும் பழைய வழக்கத்தையும் விலார் ஒழித்தார். தொழிற்சாலைத் தொழிலாளர்கள் செவ்வியல் நாடகம் பார்க்க வந்தார்கள். ஃபிலிப்பின் முகத்தைப் பார்க்க வந்தவர்கள் கோர்னெயின் செய்யுளைக் கேட்டுவிட்டுப் போனார்கள். அவருடைய வாழ்க்கையில் நான் பெரிதாக மதிப்பது இதைத்தான். 'ஃபான்ஃபான் லா துலிப்', 'சிவப்பும் கறுப்பும்' போன்ற படங்கள் தந்த புகழை அவர் மேடைக்குக் கொண்டுவந்து செலவழித்தார்.

சக நடிகர்களுக்கும் செலவழித்தார். 1957-ல் 'நடிகர்கள் நாய்கள் அல்ல' என்ற தலைப்பில் அவர் எழுதிய கட்டுரை, வேலையும் கூலியும் நிச்சயமில்லாத நடிகர்களுக்காகப் பேசியது. மறு ஆண்டு நடிகர் சங்கத்தின் தலைவரானார். 1959 நவம்பரில் கல்லீரல் புற்றுநோய் அவரைக் கொண்டுபோனது. 37 வயதுகூட நிறையவில்லை. ரோத்ரிக்கின் உடையிலேயே ராமத்துவேல் கிராமத்தில் அடக்கம் செய்தார்கள்.

அவர் பேசிய அந்த நிச்சயமின்மைக்கு இன்று ஓர் ஏற்பாடு உண்டு. பிரெஞ்சு மேடைக் கலைஞர் 12 மாதங்களில் 507 மணி நேரம் வேலை செய்திருந்தால், வேலையில்லாத நாட்களுக்கு உதவித்தொகை பெறலாம். அந்த உரிமைக்கு ஆபத்து வந்தபோது கலைஞர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். 2003-ல் அவிஞோன் விழாவே நடக்கவில்லை. ஃபிலிப் உயிரோடு இருந்திருந்தால் அவர்கள் பக்கம்தான் நின்றிருப்பார் என்று நம்புகிறேன்.

மக்கள் நாடக அரங்கு பாரிஸை விட்டு லியோனை அடுத்த வில்லெர்பானுக்குப் போய் அரை நூற்றாண்டு கடந்துவிட்டது. அது இருந்த ஷாயோ மாளிகை அரங்கம் இப்போது தேசிய நடன அரங்கு. 1947-ல் மூன்று நாடகங்களோடு தொடங்கிய அவிஞோன் விழாவையொட்டி, 'ஆஃப்' என்ற பெயரில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிகழ்ச்சிகள் நடக்கின்றன. அவற்றில் பல சிறு குழுக்கள் சொந்தக் காசில் அரங்கை வாடகைக்கு எடுத்து, தெருத்தெருவாகச் சுவரொட்டி கட்டி, பார்வையாளரைக் கூவி அழைக்கின்றன. விழா வளர்ந்தது நல்லது. அதன் செலவு ஏழைக் கலைஞன் தலையில் விழுவது நியாயமில்லை.

ஃபிலிப்பின் மேடை நடிப்பில் நமக்கு மிஞ்சியிருப்பது பெரும்பாலும் புகைப்படங்களும் குரலும்தான். 1954-ல் 'குட்டி இளவரசன்' கதையை அவர் வாசித்த இசைத்தட்டு இன்றும் கிடைக்கிறது. பிரெஞ்சு கற்கிறவர்கள் அதை ஒருமுறை கேளுங்கள்.