பிள்ளையின் பங்கு எவ்வளவு?

பிழைப்புக்காக ஊர் விட்டு வந்த நம் குடும்பங்களில் கணவனும் மனைவியும் பிரிய நேர்ந்தால், ஊரிலிருந்து பெரியவர்கள் ரயிலேறி வந்து கூடிப் பேசுவார்கள். நகை, சீர், பாத்திரம் என்று எல்லாவற்றுக்கும் பட்டியல் போடுவார்கள். பள்ளிக்கூடம் போகும் குழந்தையின் செலவுக்கு மட்டும் பட்டியல் இராது. "அவர் காசு எங்களுக்கு வேண்டாம்" என்று பெண் வீட்டார் ரோஷத்தோடு சொல்ல, மாப்பிள்ளை வீட்டாரும் அதையே சாக்காக வைத்து எழுந்துவிடுவார்கள்.

ரோஷம் பெரியவர்களுடையது, பள்ளிக் கட்டணமோ குழந்தையுடையது. பராமரிப்புத் தொகை தாய்க்குத் தரும் சன்மானமன்று, குழந்தையின் உரிமை. தாய் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தாலும் அந்த உரிமை அற்றுப் போவதில்லை என்பதே நீதிமன்றங்களின் பொதுவான நோக்கு.

எந்தச் சட்டம்?

எல்லா மதத்தவருக்கும் பொதுவாக இருந்தது குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 125-ஆவது பிரிவு. மனைவிக்கானாலும் குழந்தைக்கானாலும் மாதம் 500 ரூபாய்க்கு மேல் இல்லை என்று அதில் ஒரு வரம்பு இருந்தது. 2001-இல் அதை நீக்கினார்கள். 2024 ஜூலை 1 முதல் அச்சட்டத்தின் இடத்துக்குப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா வந்துவிட்டது. அதில் 144-ஆவது பிரிவைப் பார்க்க வேண்டும். இந்துக்களுக்கு 1955-ஆம் ஆண்டின் திருமணச் சட்டமும், 1956-ஆம் ஆண்டின் தத்தெடுப்பு மற்றும் ஜீவனாம்சச் சட்டமும் கூடுதல் துணை. பிள்ளைகளைக் காப்பாற்றும் கடமை தந்தை, தாய் இருவருக்கும் உண்டு என்று 1956-ஆம் ஆண்டுச் சட்டம் கூறுகிறது.

கணக்கு எப்படி?

"சம்பளத்தில் கால் பங்கு", "மூன்றில் ஒரு பங்கு" என்றெல்லாம் பேசிக்கொள்கிறோம். சட்டத்தில் அப்படி ஒரு விகிதம் கிடையாது. நீதிபதி பார்ப்பது இரண்டு: குழந்தையின் தேவை என்ன? பெற்றோரின் சக்தி என்ன?

தேவை என்றால் வெறும் சோறும் துணியும் அல்ல. இருப்பிடம், மருத்துவம், கல்வி, தனிப் பயிற்சி வகுப்பு, அளவான பாட்டு, விளையாட்டு வகுப்பும் சேரும் என்று உச்ச நீதிமன்றம் 2020 நவம்பர் 4-இல் அளித்த தீர்ப்பில் விளக்கியது. கல்விச் செலவைச் சாதாரணமாகத் தந்தை ஏற்க வேண்டும். தாயும் போதுமான அளவு சம்பாதித்தால் விகிதப்படி பகிர்ந்துகொள்ளலாம்.

தாய்க்கு வருமானம் இல்லாவிட்டால்? டில்லி உயர் நீதிமன்றம் 2004-இல் ஓர் எளிய வழி காட்டியது. குடும்ப வருமானத்தை ஒரு கேக்காக எண்ணிக்கொள்ள வேண்டும். சம்பாதிப்பவருக்குப் போக்குவரத்து முதலிய செலவுகள் உண்டாதலால் அவருக்கு இரண்டு பங்கு. மற்ற ஒவ்வொருவருக்கும் ஒரு பங்கு. கையில் வரும் சம்பளம் 60,000 ரூபாய், மனைவி, இரண்டு குழந்தைகள் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் ஐந்து பங்கு, பங்குக்கு 12,000. தந்தைக்கு 24,000 போக, மற்ற மூவருக்கும் 36,000. இது வழிகாட்டிதானே தவிர, எல்லா வழக்குக்கும் பொருந்தும் சூத்திரமன்று.

இருவரும் வேலை பார்த்தால்? 2000-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் முடித்த ஒரு வழக்கில் ஒவ்வொரு குழந்தைக்கும் மாதம் 3,000 ரூபாய் என்று நிர்ணயித்து, அதைத் தந்தையும் தாயும் இரண்டுக்கு ஒன்று என்ற விகிதத்தில் ஏற்கச் சொன்னது. தந்தையின் பங்கு 2,000, தாயின் பங்கு 1,000.

வருமானத்தை மறைத்தால்?

கடை வைத்திருப்பவரும் சொந்தத் தொழில் செய்பவரும் "எனக்கு வருமானமே இல்லை" என்பது புதிதல்ல. 2020 தீர்ப்புக்குப் பிறகு இரு தரப்பும் தங்கள் வருமானம், சொத்து, கடன் எல்லாவற்றையும் பிரமாணப் பத்திரத்தில் எழுதித் தர வேண்டும். வருமான வரியும் கட்டாய வருங்கால வைப்பு நிதியும் கழிக்கப்படும். ஆனால் தானாக வாங்கிக்கொண்ட கடனின் தவணையைக் காட்டிக் குழந்தையின் பங்கைக் குறைத்துவிட முடியாது.

எங்கே, எப்போது?

நம்மவர்கள் அவசியம் அறிய வேண்டியது இது. பிரிந்த மனைவி குழந்தையோடு மதுரைக்கோ தஞ்சைக்கோ திரும்பிவிட்டால், வழக்குக்காக மும்பைக்கும் டில்லிக்கும் அலைய வேண்டியதில்லை. தாம் வசிக்கும் மாவட்டத்திலேயே மனுச் செய்யலாம். இங்கேயே தங்கிவிட்டவர், மொழி புரியவில்லையே என்று தயங்க வேண்டாம். பெண்களுக்கும் குழந்தைகளுக்கும் வருமான வரம்பு பாராமல் இலவசச் சட்ட உதவி பெற உரிமை உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்திலுள்ள சட்டப் பணிகள் ஆணைக்குழுவை அணுகலாம்.

எதிர்த் தரப்புக்கு நோட்டீஸ் சேர்ந்த 60 நாளுக்குள், இயன்றவரை, இடைக்காலத் தொகை பற்றி முடிவு செய்ய வேண்டும் என்கிறது சட்டம். தீர்ப்பு தாமதமானாலும் மனுக் கொடுத்த தேதியிலிருந்தே தொகை கணக்காகும். ஆகவே மனுவைத் தள்ளிப்போடுவது நஷ்டம். பணம் வராவிட்டால், பாக்கி விழுந்த ஓராண்டுக்குள் மனுச் செய்து வாரண்டு பெறலாம்; அப்படியும் கட்டாதவரைச் சிறைக்கும் அனுப்பலாம். விலைவாசி ஏறினாலோ, தந்தைக்கு வேலை போனாலோ தொகையை மாற்றியமைக்கவும் இடமுண்டு.

144-ஆவது பிரிவின்படி இது 18 வயது வரை. உடல் அல்லது மனக் குறைபாட்டால் தன்னைக் காத்துக்கொள்ள இயலாத பிள்ளைக்கு அதன் பிறகும் உண்டு. சொந்த வருமானமில்லாத இந்துப் பெண்ணுக்குத் திருமணம் ஆகும்வரை 1956-ஆம் ஆண்டுச் சட்டம் துணை நிற்கிறது.

சமரசம் பேச உட்காரும் பெரியவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பேச்சைத் தொடங்குமுன் ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுங்கள். பள்ளிக் கட்டணம், வேன் கட்டணம், பால், மருந்து, வாடகை, வருடத்துக்கு ஒருமுறை ஊருக்குப் போகும் ரயில் கட்டணம் எல்லாவற்றையும் ரசீதுகளோடு எழுதுங்கள். யார் மேல் தப்பு என்ற விசாரணை அதற்குப் பிறகு நடக்கட்டும். அந்தத் தப்பில் குழந்தைக்குப் பங்கில்லை, வருமானத்தில் பங்குண்டு.