கருமுட்டைக்குள் ஒரு வெள்ளையடிப்பு

குளோனிங் மாட்டின் பால் நம் ஊர் டீக்கடைக்கும் வந்துவிடுமா, வந்தால் குடிக்கலாமா என்று போடிநாயக்கனூரிலிருந்து ஏலத்தோட்டக்காரர் ஒருவர் கேட்டிருக்கிறார். ஹரியானாவின் கர்னாலில், தேசியப் பால்வள ஆராய்ச்சி நிறுவனத்தில் 2023 மார்ச் 16 அன்று பிறந்த 'கங்கா' என்ற கிர் இனக் குளோன் கன்றைப் பற்றிப் படித்ததில் எழுந்த சந்தேகமாம். பயப்படாமல் குடிக்கலாம் ஐயா. அந்த டீயில் தட்டிப் போடுகிற ஏலக்காயைக் காய்த்த செடியே பெரும்பாலும் குளோன்தான்.

விதை போட்டு வளர்த்த ஏலச்செடி தாய்ச்செடியைப் போலவே காய்க்கும் என்று சொல்ல முடியாது. தேனீ எந்தச் செடியின் மகரந்தத்தைச் சுமந்து வந்ததோ, யாருக்குத் தெரியும்? அதனால்தான் நன்றாகக் காய்க்கும் செடியின் தூரைக் கிழங்கோடு பிரித்து நடுகிறார்கள். அப்படி வருவது தாய்ச்செடியின் மரபணு நகல், அதாவது குளோன். இடுக்கி மாவட்டம் கட்டப்பனையில் செபாஸ்டியன் ஜோசப் என்ற விவசாயி தேர்ந்தெடுத்த நல்லாணி ரகம் அப்படித்தான் ஏலமலை முழுக்கப் பரவியது. கம்பம் பள்ளத்தாக்கில் தோப்புத் தோப்பாக நிற்கும் திசு வாழையும் குளோன்தான்.

செடிக்கு இது சுலபம். எதுவாகவும் வளரக்கூடிய செல்கள் தூரின் நுனியில் எப்போதும் தயாராக இருக்கும். மாட்டுக்கு அந்த வசதி கிடையாது. அதன் தோல் செல் ஒன்றில் முழு மாட்டுக்கான மரபணுக்களும் இருந்தாலும், தோலுக்குத் தேவைப்படாதவை மூடிக் கிடக்கின்றன. டி.என்.ஏ.வின் மேல் மெத்தில் என்ற சின்ன வேதிக்குறிகள் ஒட்டியிருக்கும், டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் புரதங்கள் சில இடங்களில் இறுகிப்போயிருக்கும். இவற்றையெல்லாம் அழித்து, அந்த உட்கருவை மறுபடி முதல் நாளுக்குக் கொண்டுபோக வேண்டும். குளோனிங்கில் விஞ்ஞானி இதைத் தன் கையால் செய்வதில்லை. உட்கரு நீக்கிய கருமுட்டை ஒன்றுக்குள் அந்தச் செல்லைச் சேர்த்து, மின் துடிப்பு கொடுத்து ஒட்டவைத்துவிட்டு, ஒதுங்கி நிற்க வேண்டியதுதான். மிச்ச வேலை முழுக்கக் கருமுட்டையுடையது.

பொங்கலுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். கருமுட்டையிடம் வெள்ளையடிக்கிற ஆட்கள் எப்போதும் தயாராக இருக்கிறார்கள். ஆனால் அவர்கள் பழகியது விந்தணு கொண்டுவரும் வீட்டுக்கு. அது யாரும் குடியிருக்காத வீடு, ஒரு பூச்சில் முடிந்துவிடும். தோல் செல்லோ பல வருடம் குடியிருந்த வீடு. சுவரெல்லாம் ஆணி, அடுப்படியில் கரி, அடைத்துப்போட்ட இரண்டு அறைகள். கொடுத்திருக்கும் நேரமோ கொஞ்சம்தான், ஏனென்றால் கரு பிரிய ஆரம்பித்துவிடும். ஆட்கள் அவசரமாக அடிக்கிறார்கள். கரிக்கு மேலேயே சுண்ணாம்பு ஏறுகிறது, சில அறைகளைத் திறக்காமலே விட்டுவிடுகிறார்கள். இதைவிடப் பெரிய சிக்கல் நிலைக்கதவில் இருக்கிறது. அங்கே அம்மா வீட்டார் வைத்த குங்குமமும் அப்பா வீட்டார் வைத்த மஞ்சளும் உண்டு. எத்தனை முறை வெள்ளையடித்தாலும் அவற்றைத் தொடக் கூடாது. சில மரபணுக்கள் தாயிடமிருந்து வந்தால் மட்டும், வேறு சில தந்தையிடமிருந்து வந்தால் மட்டும் வேலை செய்யும்படி வைக்கப்பட்ட பெற்றோர் முத்திரைகள் அவை. குளோனிங்கின் அவசரத்தில் அந்தப் பொட்டுகளும் சில சமயம் அழிந்துபோகின்றன. வளர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மரபணுவின் பொட்டு அழிந்தால், கன்று கருப்பையிலேயே அளவுக்கு மீறிப் பெருக்கும்; நஞ்சுக்கொடி கோளாறாகும்; சுமக்கிற தாய்க்கு உயிராபத்து.

குளோனிங்கின் வரலாற்றிலும் இந்தச் சிரமம் தெரியும். 1996-இல் பிறந்த டாலி என்ற செம்மறி ஆடு, 277 முயற்சிகளில் தேறிய ஒன்று. கர்னாலில் 2009 பிப்ரவரியில் பிறந்த சம்ரூபா என்ற குளோன் எருமைக்கன்று சில நாள்தான் உயிரோடு இருந்தது. அதே ஆண்டு ஜூனில் கரிமா என்ற இன்னொரு குளோன் எருமைக்கன்று பிறந்தது.

கங்காவுக்கு மூன்று மாடுகள் தேவைப்பட்டன. கருமுட்டை சாஹிவால் பசுவினுடையது, செல் கிர் பசுவினுடையது, சுமந்தது ஒரு கலப்பினப் பசு. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா கருமுட்டையிலிருந்தே வருவதால், கங்காவின் செல்களில் சாஹிவாலின் பங்கும் உண்டு. அச்சு அசல் நகல் என்ற தலைப்புச் செய்திகளை அந்த அளவுக்குக் குறைத்தே படிக்க வேண்டும்.

அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகம் 2008 ஜனவரியில் மாடு, பன்றி, வெள்ளாடு ஆகியவற்றின் குளோன்களிலிருந்து வரும் இறைச்சியும் பாலும் மற்றவற்றைப் போலவே பாதுகாப்பானவை என்றது. செம்மறிக்குத் தகவல் போதாது என்று விட்டுவிட்டது. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் அதே ஆண்டு உணவில் வேறுபாட்டுக்கான அறிகுறி இல்லை என்றது. ஆனால் குளோன் விலங்குகளில் கணிசமானவை நோயால் அவதிப்படுகின்றன என்பதையும் சேர்த்தே எழுதியது. 2015-இல் ஐரோப்பிய நாடாளுமன்றம் பண்ணை விலங்குக் குளோனிங்குக்குத் தடை வேண்டும் என்று வாக்களித்தது. துன்பம் பாலில் கலப்பதில்லை, சுமந்த பசுவோடும் தவறிப்போன கன்றுகளோடும் நின்றுவிடுகிறது. எனக்கு உறுத்துவது அதுதான்.

குளோனின் வாரிசுகளிடம் இந்தக் கோளாறுகள் பெரும்பாலும் தென்படுவதில்லை. விந்தணுவும் கருமுட்டையும் உருவாகும்போது உடம்பே அந்த வீட்டைச் செங்கல் தெரியச் சுரண்டி, புதிதாகப் பூசி, பொட்டையும் புதிதாக வைத்துவிடுகிறது. கரிமா-2 என்ற குளோன் எருமை 2013-இல் மஹிமா என்ற கன்றை இயல்பாகவே ஈன்றது.

குளோன் மாட்டை யாரும் கறிக்கு அறுக்கப்போவதில்லை, அதை உருவாக்க ஆகும் செலவு அப்படி. அதன் பிழைப்பு பொலிகாளையாக இருப்பது. ஹிசாரில் உள்ள மத்திய எருமை ஆராய்ச்சி நிறுவனம் எம்-29 என்ற ஒரே பொலிகடாவிலிருந்து ஏழு குளோன்களை உருவாக்கியது. அப்படிப்பட்ட கடாக்களின் விந்து உறைகுச்சிகளில் அடைபட்டுச் சினை ஊசியாக ஊருக்கு வரும்போதுதான் நாம் கவலைப்பட வேண்டும். சிறந்தது ஒன்றே எங்கும் போனால் என்ன ஆகும் என்பதை ஏலமலை பார்த்திருக்கிறது. நல்லாணி வந்து விளைச்சலை உயர்த்தியது உண்மை. கூடவே பழைய ரகங்களைத் தோட்டங்களிலிருந்து ஓரங்கட்டியது, உரத்தையும் மருந்தையும் அதிகம் கேட்டது. நோயுள்ள தூரைப் பிரித்து நட்டவர்கள் கட்டே என்ற வைரஸ் நோயையும் சேர்த்தே நட்டார்கள்.

அப்படி ஓரங்கட்டப்படக் கூடிய மாடும் இங்கே உண்டு. போடி பக்கத்துக் குரங்கணி, அகமலைச் சரிவுகளில் மேய்கிற மலைமாடு கறந்தால் கொஞ்சம்தான், அதுவும் கன்றுக்கே சரியாக இருக்கும். அதன் மதிப்பு கிடை போட்ட வயலில் விழும் சாணத்திலும், செங்குத்தில் ஏறும் காலிலும் இருக்கிறது. அழியும் இனத்தைக் குளோனிங் காப்பாற்றும் என்று சொல்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். ஒரு மாட்டை நூறு தரம் நகலெடுத்தாலும் ஒரு மாட்டின் மரபணுக்கள்தான் மிஞ்சும். மந்தையின் பலம் ஒன்றுக்கொன்று மாறுபடுவதில் இருக்கிறது. மேய இடமும் வேண்டும். 2022 மார்ச்சில் சென்னை உயர் நீதிமன்றம் காட்டு மேய்ச்சலுக்குத் தடை விதித்து, பின்பு அதைச் சரணாலயங்கள், தேசியப் பூங்காக்கள், புலிகள் காப்பகங்கள் என்று சுருக்கியது. மேகமலைக் காடே புலிகள் காப்பகத்துக்குள் இருப்பதால், அந்தப் பக்கத்தில் மாடு மேய்க்கும் கீதாரிகளுக்கு இந்தச் சுருக்கமும் ஆறுதல் தரவில்லை.

வாசகர் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். குளோன் காளைக்குப் பிறந்த பசுவின் பாலை எந்த ஆய்வகத்தில் கொடுத்தாலும் மற்றப் பாலிலிருந்து பிரித்துச் சொல்ல முடியாது. தெரிந்துகொள்ள வழி பதிவேடு மட்டும்தான். உறைகுச்சியில் காளையின் எண் அச்சிட்டிருக்கிறது. மாட்டின் காது வில்லையில் 12 இலக்க எண் இருக்கிறது. அந்தக் காளை குளோனா, எதன் குளோன் என்ற ஒரு வரியையும் அந்த எண்ணோடு சேர்த்துவிட்டால், சினை ஊசி போட வருகிற கால்நடை மருத்துவரிடமே கேட்டுத் தெரிந்துகொண்டு வேண்டும் வேண்டாம் என்று மாட்டுக்காரர் சொல்லலாம்.